மூன்றாவது கம்பத்தில் வந்துகொண்டிருப்பவர்கள்

“அந்த நாய் நேத்து சாயங்காலத்துல இருந்து வந்துக்கிட்டே இருக்குக்கா, இன்னும் வந்து சேரலை.”

தண்ணீர் லாரி வரிசையில் நின்ற இரண்டு பெண்களில் ஒருத்தி இன்னொருத்தியிடம், குடத்தின் கழுத்தைத் தேய்த்துக்கொண்டே, காற்று மேற்கே திரும்பிவிட்டது என்று சொல்வதுபோல அதைச் சொன்னாள். மற்றவள், “வரட்டும் வரட்டும், எங்க போயிரப் போவுது” என்றாள். அவர்களுக்குப் பின்னால் நின்ற சந்தனமாரியின் கையிலிருந்து பிளாஸ்டிக் குடம் நழுவி உருண்டது. அவள் அதை எடுக்கவில்லை. பதினொரு வயதுக் கால்களால் எவ்வளவு வேகமாக ஓட முடியுமோ அவ்வளவு வேகமாக, ஊர் எல்லையில் ரோடு தொடங்கும் கல்லை நோக்கி ஓடினாள்.

வெள்ளைமேட்டுக்கு ஒரே ரோடுதான். ஊருக்கு ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கமெல்லாம் உப்பளம்; அந்த உப்பளங்களின் நடுவே மரமில்லாமல், வளைவில்லாமல், கரண்டுக் கம்பங்களை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு, இரண்டு மைல் நேராகப் போய் அந்த ரோடு மெயின் ரோட்டைத் தொடும். ஊரிலிருந்து யார் போனாலும் புள்ளியாகும்வரை தெரிவார்கள். யார் வந்தாலும், புள்ளியாக இருக்கும்போதே நடையை வைத்து இன்னார் என்று சொல்லிவிடலாம். அந்த ரோட்டில், ஊரிலிருந்து மூன்றாவது கம்பத்தருகே, மிக்சர் ஓடிவந்துகொண்டிருந்தது.

வெள்ளையும் செம்பட்டையும் கறுப்புமாகக் கலந்து கிடந்ததால் அப்பா அதற்கு வைத்த பெயர் அது. காது இரண்டும் பின்னால் பறக்க, நாக்கு ஒரு பக்கமாகத் தொங்க, இடது முன்னங்காலை மூன்றடிக்கு ஒரு தடவை தூக்கிப்போட்டு, வீட்டு நினைப்பு வந்த நாய் எப்படி ஓடிவருமோ அப்படி அது ஓடிவந்தது. ஓடியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது, மூன்றாவது கம்பத்தை மட்டும் தாண்டவில்லை. சந்தனமாரி கத்திக்கொண்டே அதை நோக்கி ஓடினாள். கம்பத்தை அடைந்தபோது அங்கே காய்ந்த தாரும், ஓரத்தில் சிந்திக் கிடந்த உப்பும் தவிர ஒன்றுமில்லை. கல்லருகே கூடிவிட்ட பெண்கள் அங்கிருந்து சத்தம் போட்டார்கள்: “ஏட்டி, உன் காலுக்குள்ள பூந்துதான் ஓடியாருது, குனிஞ்சு பாரு!” அவள் குனிந்து பார்த்தாள். தன் காலைத்தான் பார்த்தாள். திரும்பிக் கல்லுக்கு வந்து நின்று பார்த்தால், அது பழைய இடத்தில் ஓடிவந்துகொண்டிருந்தது.

முந்தின நாள் காலையில்தான் அவள் அதை விரட்டியிருந்தாள். கொடியில் காய்ந்த அவளுடைய புது யூனிஃபார்ம் பாவாடையை மிக்சர் இழுத்துப்போட்டு, அதன்மேல் படுத்து, ஓரத்தை மென்று வைத்திருந்தது. அம்மா கோமதி அவள் முதுகில் இரண்டு வைத்தாள். வாங்கிய அடியைத் தன்னிடமே வைத்துக்கொள்ள முடியாமல் அவள் நாயிடம் போனாள். உப்புக்கட்டியை எறிந்து, “போ, எங்கயாவது போய்த் தொலை, போ” என்று ரோடுவரை துரத்தினாள். நாய் அதை விளையாட்டு என்று நினைத்து, நின்று நின்று திரும்பிப் பார்த்து வாலை ஆட்டியது. அவள் இரண்டாவது கட்டியை எடுத்தாள். அதற்குப் பிறகு அது திரும்பிப் பார்க்கவில்லை.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை. முதல் சில நாட்கள் ஊர் அந்த நாயை ஆசையாகப் பார்த்தது. புதியவன் என்ற டீக்கடைக்காரர் தன் பெஞ்சைத் திருப்பி ரோட்டைப் பார்க்கப் போட்டார். சின்னப் பிள்ளைகள் கல்லருகே நின்று பிஸ்கட்டைக் காட்டினார்கள். பூசாரி மூன்றாவது கம்பத்தில் வேப்பிலை கட்டினார். சர்ச்சிலிருந்து வந்த உபதேசியார் அதே கம்பத்தடியில் முட்டிபோட்டு ஜெபித்தார். அவருடைய முழங்காலுக்குள் புகுந்து நாய் ஓடிவருவதைக் கல்லருகே நின்றவர்கள் மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். மினிபஸ் டிரைவருக்கு அந்த இடத்தில் ஒன்றும் தெரியாது. ஆனாலும் ஊர்க்காரர்கள் திட்டுவார்கள் என்று மூன்றாவது கம்பத்தில் மட்டும் வண்டியை ஊர்ந்து ஓட்டினான். பத்தாவது நாள் பெஞ்சு பழையபடி திரும்பிவிட்டது. சந்தனமாரி ஒருத்திதான் பள்ளிக்கூடம் விட்டதும் கல்லில் உட்கார்ந்து, இருட்டி நாய் தெரியாமல் போகும்வரை, “வா மிக்சரு, வா, வா” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

பதினாறாம் நாள் சாயங்காலம், நாய்க்குப் பக்கத்தில் ஒரு சைக்கிள் வந்தது.

மிதித்து வந்தவன் மிக்கேலம்மாளின் ஒரே மகன் லூர்து. மீன் ஏலம் எடுக்கும் மிக்கேலம்மாளுக்கு ஊரிலேயே பெரிய தொண்டை. அவள் கல்லுக்கு வந்து, “எல, வேகமா மிதிச்சு வால, சோறு ஆறுது” என்று போட்ட சத்தத்தில் உப்பளத்துக் கொக்குகள் எழுந்து பறந்தன. லூர்து தலையைக் குனிந்து, வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு, எதிர்காற்றில் மிதிப்பவனைப்போல எழும்பி எழும்பி மிதித்தான். சக்கரம் சுற்றியது. கம்பம் நகரவில்லை.

டீக்கடைப் புதியவன்தான் அவளிடம் மெதுவாகக் கேட்டார். “காலைல போகும்போது அவன் என்னக்கா சொன்னான்?”

“போறேன்னான். குழம்புல உப்பு கூடிட்டுன்னு சண்டை போட்டுட்டு, போறேன்னான்.”

“நீங்க என்ன சொன்னீக?”

மிக்கேலம்மாள் சைக்கிளையே பார்த்தாள். “போறவன் போ, யாரு பிடிச்சு வச்சிருக்கான்னேன்.”

புதியவன் திரும்பிச் சந்தனமாரியைப் பார்த்தார். அவர் கேட்பதற்கு முன்பே அவள் அழுதுகொண்டு சொல்லிவிட்டாள், உப்புக்கட்டியையும் சொன்னாள், இரண்டாவது கட்டியையும் சொன்னாள். அங்கே நின்ற நாற்பது ஐம்பது பேரில் ஒவ்வொருவரும் அன்று காலையில் தன் வீட்டுவாசலில் என்ன நடந்தது என்று நினைத்துப் பார்த்தார்கள்; இன்னும் வீடு திரும்பாதவர்கள் யார் யார், போகிறவரிடம் ‘போயிட்டு வா’ என்று சொன்னோமா, சொன்னதாக நினைத்துக்கொண்டு மிக்சியைப் போட்டோமா, சொன்னது அவர் காதில் விழுந்ததா என்று நினைத்துப் பார்த்தார்கள். ஒருத்தி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். கடைசி ஷிப்ட் முடிந்து கடைசி ஆள் மூன்றாவது கம்பத்தைத் தாண்டி இரண்டாவது கம்பத்துக்கு வரும்வரை யாரும் கல்லைவிட்டு அசையவில்லை. வந்த கடைசி ஆள், தன்னைப் பார்த்து ஊரே விசும்புவதைக் கண்டு பயந்து, “யாரு செத்துட்டா?” என்று கேட்டான்.

மறுநாளிலிருந்து வெள்ளைமேட்டில் வீட்டைவிட்டுக் கிளம்புவது பெரிய காரியமாகிவிட்டது. கிளம்புகிறவர் வாசலில் நின்று, முகத்தைப் பார்த்து, “போயிட்டு வாரேன்” என்று சொல்ல வேண்டும். வீட்டிலிருப்பவர் கைவேலையைப் போட்டுவிட்டு வந்து, முகத்தைப் பார்த்து, “போயிட்டு வா” என்று சொல்ல வேண்டும். கேட்டதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். வீட்டில் ஐந்து பேர் இருந்தால் ஐந்து பேரும். அண்ணன் தம்பி சண்டைகள் காலை ஆறு மணிக்கு முன்பே தீர்ந்தன. உப்பளத்தில் வேலை அரைமணி பிந்தியே தொடங்கியது. மினிபஸ் கண்டக்டர், கீழே நிற்கிற ஆள் ஒவ்வொருவரும் மேலே இருக்கிற ஆளுக்குச் சொல்லி முடிக்கும்வரை விசில் ஊதுவதில்லை. ‘போ’ என்ற சொல்லே ஊரில் புழக்கமற்றுப் போனது. கோழியை விரட்டுகிறவர்கள்கூட, “அங்கிட்டு வா, அங்கிட்டு வா” என்று விரட்டினார்கள். எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் குழம்பிய கோழிகள் நடு முற்றத்திலேயே நின்றன. ரேஷன் கடைக்குப் பெயர் சரிபார்க்க வந்த அலுவலர், லூர்து ஊரில் இருக்கிறானா இல்லையா என்று கேட்டபோது, “தெரியுதான் சார், வந்துக்கிட்டுதான் இருக்கான்” என்று மிக்கேலம்மாள் கல்லுக்குக் கூட்டிப்போய்க் காட்டினாள். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். கையைத் தூக்கிக் காட்டச் சொன்னார். பிறகு ‘வருகையில்’ என்று எழுதிக்கொண்டு, எல்லாரிடமும் மூன்று தடவை ‘போயிட்டு வாங்க’ வாங்கிக்கொண்டு, அவசரமாகப் போய்விட்டார்.

மிக்கேலம்மாள் கல்லருகே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் கறுப்புக் குடையும் கொண்டுவந்து போட்டுக்கொண்டாள். ஏலத்துக்குப் போவதை நிறுத்திவிட்டாள். அவளுடைய பெரிய தொண்டை, வயிற்றில் இருக்கும் பிள்ளையோடு பேசுவதுபோலச் சுருங்கிவிட்டது.

ஊரில் எல்லாரையும்விட அதிகம் பயந்திருந்தது சந்தனமாரிதான். ஏனென்றால் அவள் வீட்டில் அம்மாவும் அப்பாவும் ஏழு மாதமாகப் பேசிக்கொள்வதில்லை.

அப்பா நயினாருடைய தங்கை வீட்டுக் காதுகுத்தில், கோமதியின் தம்பியை முதல் பந்தியிலிருந்து எழுப்பி இரண்டாம் பந்தியில் உட்கார வைத்தார்கள். அதைக் கோமதி சொன்னபோது நயினார், “எந்தப் பந்தின்னாலும் பாயசம் ஒண்ணுதானட்டி” என்று சிரித்துவிட்டார், அதுவும் எல்லார் முன்னாலும். அன்றைக்கு நின்ற பேச்சுதான். சண்டை இல்லை, சட்டி பானை உருளவில்லை. நாலடி தள்ளி உட்கார்ந்திருக்கும் அப்பாவுக்கு அம்மா சோறு வைத்துவிட்டு, “உப்பு போதுமான்னு உங்கப்பாட்ட கேளுட்டி” என்பாள். “உங்கம்மைட்ட போதும்னு சொல்லு” என்பார் அப்பா. “போதுமாம்” என்பாள் சந்தனமாரி. “கேட்டுச்சு” என்பாள் அம்மா. காய்ச்சல் வந்தால் மாத்திரை, மழை வந்தால் குடை, மாமா ஊரிலிருந்து வந்த கடிதம், எல்லாம் அவள் வாய்வழியாகத்தான் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போயின. உப்பு மில்லுக்குக் கிளம்பும் அப்பா தினமும் வாசலில் நின்று, “உங்கம்மைட்ட சொல்லு, போயிட்டு வாரேன்னு” என்பார். அடுப்படியிலிருந்து அம்மா, “போயிட்டு வரச் சொல்லு” என்பாள். இரண்டையும் அவள் சத்தமாக எடுத்துச் சொல்வாள்.

லூர்து கம்பத்தில் நின்ற பிறகு அவள் அதை மூன்று மூன்று தடவை சொன்னாள். சொன்ன பிறகும் பயம் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து, தான் சொன்னது அம்மா சொன்னதாகச் சேருமா, இல்லை தான் சொன்னதாகச் சேருமா, வேறொருவர் வாயில் ஏறி வந்த சொல்லுக்கு ஆளைத் திருப்பிக் கூட்டிவருகிற பலம் இருக்குமா என்று யோசித்துக்கொண்டே இருந்தாள். சாயங்காலம் அப்பா இரண்டாவது கம்பத்துக்கு வருவதைப் பார்க்கும்வரை அவளுக்குத் தண்ணீர்கூட இறங்கவில்லை. இப்படியே இருபது நாள் போனது. அந்தப் பயம் தாங்க முடியாமல்தான் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. நான் எடுத்துச் சொல்வதால்தானே அவர்கள் பேசாமல் இருக்கிறார்கள்? நான் வாயைத் திறக்காவிட்டால் அம்மா பயந்துபோய்த் தானே சொல்லிவிடுவாள். ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும், பிறகு எல்லாம் சரியாகிவிடும்.

மறுநாள் காலையில் அப்பா தூக்குவாளியோடு வாசலில் நின்றார். “மாரி, உங்கம்மைட்ட சொல்லு, போயிட்டு வாரேன்னு.”

சந்தனமாரி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

“பாத்து போயிட்டு வரச் சொல்லுட்டி” என்றது அடுப்படி.

அவள் நின்றாள்.

“ஏட்டி, காது கேக்கலையா?” என்றார் அப்பா. “சொல்லுட்டி” என்றாள் அம்மா. அடுப்படிக்குக் கதவு கிடையாது. அவர் நின்ற இடத்திலிருந்து அவள் முதுகு தெரிந்தது. அவள் பக்கவாட்டில் திரும்பினால் அவர் முகம் தெரியும். அப்பா ஒரு தடவை செருமினார். அகப்பைச் சத்தம் நின்றது. இப்போது, இதோ இப்போது என்று சந்தனமாரி காத்துக்கொண்டிருந்தாள். உப்பு மில்லின் சங்கு ஊதியது. அப்பா குனிந்து செருப்பை மாட்டினார், அவள் உச்சந்தலையில் கையை வைத்து எடுத்தார், இறங்கிப் போனார். அகப்பைச் சத்தம் திரும்பவும் தொடங்கியது. இத்தனை நாளும் மற்ற இருவருக்காகவே திறந்து மூடிய வாயில், அவளுக்கென்று ஒரு ‘போயிட்டு வாங்க’ இல்லை என்பது அவர் போன பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

அன்று சாயங்காலம், ஓடிவரும் நாய்க்கும் மிதித்துவரும் சைக்கிளுக்கும் நடுவில், தோளில் துண்டும் கையில் தூக்குவாளியுமாக, கொஞ்சம் முன்னால் சாய்ந்த அந்த நடையில் அப்பா நடந்துவந்துகொண்டிருந்தார்.

ஊர் கோமதியைச் சூழ்ந்துகொண்டது. “சொல்லி அனுப்பினியாட்டி?”

“சொன்னேன். நான் சொன்னேன்” என்றாள் கோமதி. அவள் கண் ரோட்டில் இருந்தது. “பாத்து போயிட்டு வரணும்னு சொன்னேன். அடுத்த வீட்டுல கேட்டுப் பாருங்க.” அடுத்த வீட்டுக்காரி, “சத்தியமா சொன்னா, என் காதுல விழுந்துச்சு” என்றாள்.

அதைக் கேட்ட பிறகுதான் ஊர் உண்மையாகவே நடுங்கியது. சொல்லாததால்தான் நின்றுபோனார்கள் என்றால் சொல்லிக்கொள்ளலாம். சொல்லியும் நின்றுபோனால் என்ன செய்வது? மறுநாள் உப்பளத்துக்குப் பாதிப் பேர்கூடப் போகவில்லை. மூன்றாம் நாள் யாருமே போகவில்லை. வாரிக் குவிக்க ஆளில்லாமல் பாத்திகளில் உப்பு விளைந்து இறுகியது. தாய்மார்கள் பிள்ளைகளின் இடுப்புத் துணியைப் பிடித்துக்கொண்டே சமைத்தார்கள். நாலெட்டில் இருக்கும் கடைக்கு ஆண்கள் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு போனார்கள். முப்பது வருடமாகக் கையைத் தொடாதவர்கள்கூட அப்படிப் போனார்கள், ஆனால் யார் முகத்திலும் சந்தோஷம் இல்லை. சொன்னேன் என்று அம்மா சொன்ன ஒவ்வொரு தடவையும் சந்தனமாரி தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனாள். உண்மையைச் சொன்னால் ஊருக்குப் பயம் தெளிந்துவிடும். ஆனால் அப்பாவைக் கம்பத்தில் நிறுத்தியவள் யார் என்று அம்மாவுக்குத் தெரிந்துவிடும்.

பதினெட்டு நாள் அவள் அந்த உண்மையை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு அலைந்தாள். கோமதி அழவில்லை, அதன்பிறகு கல்லுக்கும் வரவில்லை. வீட்டில் இப்போது பேச்சை எடுத்துச் செல்ல ஆளில்லை என்பதுபோல, மகளிடமும் பேசுவதில்லை. பிறகு வானம் கறுக்கத் தொடங்கியது. ஐப்பசி மழையில் ஒவ்வொரு வருடமும் அந்த ரோடு உப்பளத்தோடு சேர்ந்து தண்ணீருக்குள் போய்விடும்; திரும்பத் தெரிய ஒரு வாரமாகும். “முழங்கால் தண்ணியிலயும் என் பிள்ளை மிதிச்சு வருவான்” என்று மிக்கேலம்மாள் கேட்காதவர்களிடமெல்லாம் சொன்னாள்.

முதல் தூறல் விழுந்த சாயங்காலம் சந்தனமாரி கல்லில் நின்று நாயைப் பார்த்தாள். மழையில் அதன் மயிர் ஒட்டிப்போய், ரொம்பச் சின்னதாக, ரொம்பக் களைத்துத் தெரிந்தது. ஐம்பது நாளுக்கு மேலாக ஓடுகிறது. வா, வா என்று எத்தனை ஆயிரம் தடவை கூப்பிட்டிருப்பாள். கூப்பிடக் கூப்பிட, அந்தக் கூப்பாடே பிடித்து வைத்ததுபோல, அது அங்கேயே ஓடுகிறது. முறையாக அனுப்பாத ஒன்றை எத்தனை கூப்பிட்டு என்ன, அது போகவே இல்லையே, எப்படித் திரும்பி வரும் என்று அவளுக்குத் தோன்றியது. “மிக்சரு” என்றாள். “பாவாடையைக் கடிச்சதுக்கு ஒண்ணும் இல்லை. நான் எறிஞ்சது தப்பு. போயிட்டு வா.”

நாய் நின்றது. அத்தனை நாளில் முதல் தடவையாக அதன் நாலு காலும் தரையில் நின்றன. அவளைப் பார்த்து, தலையை ஒரு பக்கம் சாய்த்தது. பிறகு திரும்பி, மெயின் ரோட்டுப் பக்கம், அவசரமில்லாமல் ஓடியது. நான்காவது கம்பம், ஐந்தாவது கம்பம், புள்ளி, மழை.

அன்று இரவு வரவில்லை. மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

“இருந்ததையும் அனுப்பிட்டா பாவி மக” என்றார்கள் கல்லருகே. மிக்கேலம்மாள் நாற்காலியை இன்னும் ஒரு முழம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, “என் வாயால அதைச் சொல்லவே மாட்டேன். கண்ணுல பாத்துக்கிட்டாவது இருப்பேன்” என்றாள்.

மூன்றாம் நாள் சந்தனமாரி வீட்டுக்குப் போனபோது, அம்மா உப்பில் வெடித்த குதிகாலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். அவள் எதிரே உட்கார்ந்தாள். “எம்மா, அன்னைக்கு நான் சொல்லலை. நீ சொன்னதை நான் அப்பாட்ட சொல்லவே இல்லை. நீங்களாப் பேசிக்கிடுவீகன்னு சும்மா நின்னுட்டேன்.”

கோமதி எண்ணெய்க் கையை அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். அடிப்பாள் என்று சந்தனமாரி முதுகை இறுக்கினாள்.

“தெரியும்” என்றாள் அம்மா. “நீ வாயத் திறக்கலைன்னு எனக்குக் கேட்டுச்சு. அவுகளுக்கும் கேட்டுச்சு.” எண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு, “நாலடிதானட்டி இருந்துச்சு. நான் திரும்பியிருக்கலாம்” என்றாள்.

“மிக்சரை அனுப்பிட்டேன்மா. நின்னுச்சு, என்னைப் பாத்துட்டுப் போச்சு. ஆனா வரலை.”

“எத்தன நாளாச்சு?”

“மூணு.”

கோமதி எழுந்து கையைத் துடைத்தாள். மேற்கே வானம் ஈயம்போல இறங்கியிருந்தது. செருப்புப் போடாமல், மகளைக் கையில் பிடித்துக்கொண்டு, தெரு வழியாக நடந்தாள். அவள் கல்லை நோக்கிப் போவதைப் பார்த்து ஒவ்வொரு வீடாக ஆட்கள் பின்னால் வந்தார்கள். என்ன செய்யப் போகிறாள் என்று யாரும் சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. “வேண்டாம்ட்டி கோமதி” என்று மிக்கேலம்மாள் நாற்காலியிலிருந்து எழுந்தாள். “நாய் கதியப் பாத்தேல்லா. கண்ணுல தெரியுதாரு, அது போதாதா? இருக்கட்டும்ட்டி, இருக்கட்டும்.”

ரோட்டின் இரண்டு பக்கமும் தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது. மூன்றாவது கம்பத்தில் நயினார் நனைந்த துண்டோடு நடந்துவந்துகொண்டிருந்தார். கோமதி மகளோடு கல்லுக்கு முன்னால் போய் நின்றாள்.

“ஏங்க!” என்றாள் கோமதி.

எட்டு மாதம் சேர்த்து வைத்த சத்தம் அது. நயினாரின் கால்கள் நின்றன.

“என் தம்பிய ரெண்டாம் பந்தியில உக்கார வச்சது தப்பு. அதுக்கு நீங்க சிரிச்சது அதைவிடத் தப்பு. அது இன்னும் முடியலை, வந்து பேசிக்கிடுவோம்.” அவள் மூச்சு வாங்கினாள். கூட்டத்தில் யாரோ பயத்திலும் சிரித்துவிட்டார்கள். “மழை வருது. பாத்து நடங்க. போயிட்டு…” மிக்கேலம்மாள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். “போயிட்டு வாங்க.”

நயினார் தூக்குவாளியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். மகளைப் பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்தார், மகளிடம் சொல்லிவிடாமல் நேராக அவளைப் பார்த்தே, “வாரேன்” என்றார். தண்ணீரின் மேலாக அந்தச் சத்தம் வந்து சேரக் கொஞ்ச நேரமானது. வந்து சேர்ந்தபோது அவர் திரும்பி நடக்கத் தொடங்கியிருந்தார். நான்காவது கம்பத்தில் அவர் முதுகு பாதியாகச் சிறுத்தது. ஐந்தாவது கம்பத்தில் துண்டின் நிறம் தெரியவில்லை. மழை அவரை நோக்கி இறங்கி வந்தது. சந்தனமாரி “அப்பா” என்று அலறுவதற்கு வாயைத் திறந்தாள்.

கோமதி அவளைத் தன்னோடு சேர்த்து இழுத்து, உப்பில் காய்த்துப்போன உள்ளங்கையால் அவள் வாயை இறுகப் பொத்தினாள்.